ஒற்றைப்படை அண்ணனுக்கு, இரட்டைப்படை தம்பிக்கு

கொல்லிமலை அறப்பளீசுவரர் அறிய, இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி. நம்பாதவர்கள் கற்பூரம் கொண்டுவரட்டும். ஏற்றி, வெறுங்கையால் அணைத்துச் சத்தியம் செய்து தரப்படும். மலைக்காற்றில் அதுவாக அணைந்துபோனால் மட்டும் கணக்கில்லை.

திண்ணனூர் நாட்டில் ஈச்சங்குழிப்பட்டி என்று ஓர் ஊர். இருபத்திரண்டு வீடு. கடைசி வீடு சரிவு முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஓட்டு வீடு. உள்ளே இரண்டு. கிழக்குப் பாதியில் அண்ணன் கருப்பண்ணனும் அவர் பெண்சாதி அருணாவும். மேற்குப் பாதியில் தம்பி சின்னராசும் அவர் பெண்சாதி பானுமதியும். இது நடந்த கார்த்திகைப் புதன்கிழமையில் மேற்குப் பாதியில் பானுமதி மட்டும்தான். சின்னராசு இறந்துபோய் அன்றைக்கு முப்பத்தொன்பதாம் நாள்.

அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தது பதினோரு வருஷத்துக்கு முன்னால். ஊர்ப் பெரியவர்கள் ஒன்பது பேர் மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தார்கள். மிளகுக்கொடி ஏறிய மரங்களை வரிசையாக எண்ணி, ஒன்று மூன்று ஐந்து அண்ணனுக்கு, இரண்டு நான்கு ஆறு தம்பிக்கு. மலையில் மரம் பிரிக்கிற முறை அதுதான். நல்ல மரமும் நோஞ்சான் மரமும் கலந்து விழும். யாரும் வாய் திறக்க முடியாது. சேவல் ஒன்றே ஒன்று இருந்தது. அது ஒரு நாள் கிழக்குப் பாதியிலும் மறுநாள் மேற்குப் பாதியிலும் கூவ வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சாகும்வரை அது முறை தவறவில்லை. அமாவாசைக்கு மட்டும் இரண்டு பக்கமும் கூவாமல் லீவு எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் பிரித்த பிறகு மிச்சமிருந்தது கரண்டு. இரண்டு பாதிக்கும் நடுவில் பொது நடை. அதன் சுவரில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் வரிசையாக எட்டு சுவிட்சு. மேலே தள்ளினால் கரண்டு வரும், கீழே இறக்கினால் நிற்கும். பெரியவர்கள் மரம் எண்ணிய கையோடு அதையும் எண்ணினார்கள். ஒற்றைப்படை அண்ணனுக்கு, இரட்டைப்படை தம்பிக்கு. ஒருவர் எண்ணை மற்றவர் தொடக்கூடாது. அப்பன் காலத்தில் ஒரே வீடாக இருந்தபோது இழுத்த வயர், நடுவில் எழுப்பிய சுவரை மதித்துத் திரும்பிப் போகாது என்பது அந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்தச் சுவிட்சு எதற்கு என்று எழுதி வைக்கவும் தோன்றவில்லை. மரத்தில் யாராவது எழுதி ஒட்டுகிறார்களா?

கரண்டும் அப்படியொன்றும் பயப்படும்படி வரவில்லை. அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு சுற்றி ஏறி வருவதற்குள் அதற்கே தலை சுற்றிவிடும். ஈச்சங்குழிப்பட்டிக்கு வந்து சேரும்போது உட்கார இடம் தேடும். பல்பு எரிகிறதா இல்லையா என்று பார்க்கப் பல வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றுவார்கள். மழைக்காலத்தில் மட்டும் வழியில் குளிர்ந்து, தெம்பாகி, முழு வேகத்தில் வந்துவிடும். சின்னராசு போனது மழைக்காலத்தில்.

ஐப்பசிப் பாதி. கீழே ஊற்றுக்குழியில் மோட்டர் கொஞ்சம் முனகி நின்றது, தண்ணீர் ஏறவில்லை. குழியோரத்துச் சுவிட்சில் மழை இறங்கிவிட்டது, திறந்து துடைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே சின்னராசு நடைக்குப் போனார். பெட்டியில் ஆறை இறக்கினார். மோட்டர் தம்பி பாகம். ஆறு தம்பி எண். இறக்கிவிட்டுக் குழிக்குப் போனார்.

பானுமதி அடுப்படியில் கொள்ளுத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சி பாதியில் நின்றது. நடைக்கு வந்து பார்த்தாள். ஆறு கீழே கிடந்தது. இந்தச் சுவிட்சுகள் மழைக்குத் தானாக விழுவதும் உண்டு. மேலே தள்ளினாள். மிக்சி ஓடியது. துவையல் அரைபட்டு முடிந்தது. அதை வழித்துக் கிண்ணத்தில் போட்ட பிறகுதான் குழிப்பக்கம் யாரோ கத்தினார்கள்.

போலீசு வந்து எழுதிக்கொண்டு போனது. ஊர் அதற்குத் தெரிந்ததைப் பேசியது. பேசாத அண்ணன் தம்பி, ஒரே பெட்டி, அண்ணன் கை பட்டிருக்கும் என்று பாதி ஊர் சொன்னது. பானுமதி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆறாம் எண்ணை மேலே தள்ளிய கட்டைவிரலைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மற்ற விரல்களைப் போலத்தான் இருந்தது. ஆறு மிக்சிக்கு மட்டும்தானா, மோட்டருக்கும் சேர்த்தா? அவளுக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். அழுகை வரவில்லை. சோறு வடிக்கும்போது கஞ்சி கையில் ஊற்றிக்கொண்டாள். கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது என்று தெரிந்தது.

குழியில் புது மோட்டர் வைத்துத் தந்தது செம்மேட்டு எலெக்ட்ரீசியன் யுவராஜ். செவ்வாய்க்கிழமை வந்தவன், கடைசியாக நடைக்கு வந்து பெட்டியைத் திறந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"ஏனுங்கக்கா, இது பெட்டியா, பாகப்பத்திரமா?"

"எட்டுங்க. ஒத்தப்பட அவிங்குளுது. ரெட்டப்பட எங்குளுது."

"கரண்டுக்கு ஏதுங்க ஒத்தப்பட ரெட்டப்பட? எது எதுக்குப் போவுதுன்னு ஒரு எழுத்துக்கூட இல்ல. நல்லாத்தான் இத்தன நாளு இருந்திருக்கீங்க."

அருணா கிழக்குக் கதவிலிருந்து தலையை நீட்டினாள். "நீயே பாத்து எழுதிப்போடேன் சாமி. உனக்குத்தான தெரியும்."

"நானா? ரெண்டு பாகத்துக்கும் பொதுவுல நிக்கிற பெட்டியில நாங் கைய வெச்சு, நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எம்பேருல வந்து நிக்கும். நீங்க எல்லாரும் சேந்து பாருங்க. ஒவ்வொண்ணா எறக்குங்க. எது நிக்குதோ அத எழுதி ஒட்டுங்க. ஒட்டாம யாராச்சும் அந்தக் குழியில கால வெச்சீங்க, மறுக்கா இந்தப் பட்டிக்கு நான் வரமாட்டேன்."

"எழவுக்குக்கூடவா?" என்றாள் அருணா.

"எழவுக்கு வாரேனுங்க. எழவு வேண்டாமுன்னுதான் சொல்றேன்."

வியாழக்கிழமை நாற்பதாம் நாள் படையல். அடிவாரத்துச் சனம் உட்பட ஐம்பது பேர் வருவார்கள். முப்பத்தொன்பது நாளாக இரண்டு பாதிக்கும் தண்ணீர் குடத்தில்தான் ஏறியது. ஐம்பது பேருக்குக் குடத்தில் ஏறாது. எனவே புதன்கிழமை காலை, மூடுபனி முற்றத்தில் வந்து மாடுபோலப் படுத்திருந்த நேரத்தில், பெட்டிக்கு முன்னால் பானுமதி நின்றாள். ஒரு கையில் நர்சம்மா கொப்புளத்துக்குக் கொடுத்த பிளாஸ்திரிச் சுருள், ஒரு கையில் பேனா.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மேற்கும் கிழக்கும் பார்த்துச் சொல்ல அருணா இருக்கிறாள். குழியோரம் நின்று மோட்டர் ஓடுகிறதா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், அது கருப்பண்ணன்தான். அவர் பானுமதிக்கு மச்சாண்டார். புருஷனின் அண்ணன் எதிரில் அந்த வீட்டுப் பெண்கள் முகம் காட்டிப் பேசுவதில்லை. வாக்கப்பட்டு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை. அது முறை. அதற்கு மேல் அண்ணன் தம்பிக்குள் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஒரு பலாப்பழம் எல்லைக்கோட்டின் மேல் விழுந்து பிளந்து, சுளையெல்லாம் ஒரு பக்கமும் சடைநாரெல்லாம் ஒரு பக்கமும் போனதில் வந்த வினை. அன்றிலிருந்து அண்ணன் சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்வார். தம்பி அம்மிக்கல்லிடம் பதில் சொல்வார். குடும்பம் அதிலேயே ஓடியது. விதைச் சாமை அளந்ததும் தம்பி பெண்ணுக்கு அடிவாரத்தில் மாப்பிள்ளை பார்த்ததும் அப்படித்தான். மாப்பிள்ளையைப் பற்றி மாட்டுக்குக் கொஞ்சம் மனக்குறை இருந்ததாகச் சொல்வார்கள்.

அதனால் அருணா முற்றத்தின் நடுவில் நின்றாள். நடைக்கு ஒரு குரல், குழிக்கு ஒரு குரல்.

கருப்பண்ணன் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, காய்ந்த மூங்கில் குச்சியால் குழியோரத்துச் சுவிட்சைத் தள்ளினார். மோட்டர் ஓடத் தொடங்கியது. இரண்டு வீட்டு விளக்கும் டீவியும் போட்டிருந்தது.

"அக்கா, ஒண்ண எறக்குறேனுங்க."

"எறக்கு கண்ணு... எங்கூட்டு டீவி போச்சு! உங்கூட்டு வாசல் லைட்டும் போச்சு."

பானுமதி பிளாஸ்திரியைக் கிழித்து எழுதி ஒட்டினாள்.

"ரெண்டுங்க."

அருணா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "எங்க குளிக்கிற ரூம்பு. அடியே, ரெண்டு உங்குளுதாச்சே! பதினோரு வருசமா உங்கூட்டு வெளிச்சத்துலயாடி நாந் தண்ணி வாத்துக்கிட்டேன்?" சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குழிப்பக்கம் பார்த்தாள். பானுமதி எழுதினாள்: அக்கா குளியல்.

மூன்று பானுமதியின் அடுப்படி விளக்கு. நான்கை இறக்கியபோது எதுவும் நிற்கவில்லை. அருணா மாட்டுக்கொட்டகை வரைக்கும் போய்ப் பார்த்தாள். எல்லாம் எரிந்தது, ஓடியது. அவர்கள் விழித்துக்கொண்டிருக்கும்போது மேலே மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"எவன்டா அது, எம்பட ரேடியோவ அணைச்சது?"

அர்த்தனாரியின் குரல். அருணா இடுப்பில் கை வைத்தாள். "ஏனுங் மாமா, உங்க ரேடியோவுக்கு எங்கிருந்து கரண்டு வருது?"

"அது பேட்டரி ரேடியோம்மா," என்றார் அர்த்தனாரி. பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பானுமதி நான்கின் கீழே எழுதி ஒட்டினாள்: அர்த்தனாரி மாமா. முகத்தில் ஒன்றுமில்லை. பல்பொடிப் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்து எழுதுகிறவள்போல எழுதினாள்.

"ஏழுங்க."

"எங்க அடுப்படி. அஞ்சும் ஆறும் உட்டுப்போட்டயே?"

"கடசியாப் பாக்கலாமுங்க. எட்டுங்க."

எட்டு நடை விளக்கும் பானுமதி வீட்டு மின்விசிறியும். கொல்லிமலைக் குளிரில் யாரும் விசிறி போடுவதில்லை. சின்னராசு காப்பிக்கொட்டை காயவைக்க வாங்கியது. விளக்கு அணைந்ததும் நடையில் பனி வெளிச்சம் மட்டும் இருந்தது. எட்டை மேலே தள்ளினாள். பிறகு சும்மா நின்றாள்.

"பானு?"

"இருக்கறேனுங்க."

"கை வலிக்குதா? நா வரட்டுமா?"

"வேண்டாமுங்க."

கட்டைவிரலை ஆறின்மேல் வைத்தாள். மோட்டர் சத்தம் வாழைத்தோப்பைத் தாண்டி மெதுவாக வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றால், கொன்றது அவள். நிற்காவிட்டால் அவள் இல்லை. வேறு யார் என்பதை அவள் யோசிக்கவில்லை. அவ்வளவு தூரம் யோசனை போகவில்லை.

இறக்கினாள்.

மோட்டர் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தன் காதின்மேல் நம்பிக்கை இல்லை.

"அக்கா, கேளுங்க. ஓடுதுங்களா?"

"ஏனுங்க, ஓடுதா?" என்று அருணா குழிப்பக்கம் கத்தினாள். பதில் உடனே வரவில்லை. பிறகு வந்தது.

"ஓடுதுங்குறாரு."

மேலே தள்ளினாள். மறுபடி இறக்கினாள். "இப்பங்க?"

"ஓடுதாம்."

மறுபடி தள்ளினாள், இறக்கினாள். ஒன்பது தடவை. மேலே தொட்டி நிறைந்து, ஓட்டின்மேல் வழிந்து, முற்றத்தில் தண்ணீர் ஓடியது. அருணாவின் கால் நனைந்தது.

"போதுங் கண்ணு. ஆறுல மோட்டரு இல்ல. உங்க மிக்சி மட்டுந்தான். எழுதிப்போடு."

பானுமதி எழுதினாள்: மிக்சி. பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பெரிதாக ஏதாவது வரும் என்று நினைத்தாள். செம்மேட்டில் பஸ்சுக்கு நிற்பதுபோல நின்றாள். எதுவும் வரவில்லை. அவள் இல்லை என்று தெரிந்தது. நாளைக்குப் பலாக்கொட்டை எத்தனை படி ஊறப்போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"மிச்சம் அஞ்சுதான்," என்றாள் அருணா. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அஞ்சு ஒற்றைப்படை.

அஞ்சை யாரும் இறக்கவில்லை. அதற்கு முன்பே குழியில் மோட்டர் நின்றது. வாழைத்தோப்புக்குள்ளிருந்து கருப்பண்ணன் மூங்கில் குச்சியோடு ஏறி வந்தார். நேராக நடைக்கு வந்தார். பானுமதி முந்தானையை இழுத்துப்போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துத்தான் பேசினார்.

"அஞ்சுதான். பாக்கத் தேவையில்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அருணா.

"முந்தின வருசம் சித்திரையில இடி உழுந்துதல்ல. அடிவாரத்துல இருந்து ஒரு வயர்மேனக் கூட்டியாந்தோம். ஆறுல மோட்டரு பாரம் தாங்காது, அஞ்சு சும்மாதான கெடக்குதுன்னு மாத்திப்போட்டான். தம்பிகிட்டச் சொல்லிப்போடுங்கன்னான்."

"சொல்லலையா?"

"சொன்னேன்."

"யாருகிட்ட?"

கருப்பண்ணன் குச்சியைச் சுவரில் சாய்த்தார். அது விழுந்தது. எடுத்து மறுபடி சாய்த்தார்.

"மாட்டுகிட்ட."

அருணா மாட்டுத்தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் தொட்டிக்கு அக்கட்டால மம்பட்டி கழுவிக்கிட்டு இருந்தான். 'ஏ கெடாரி, மோட்டரு இனி அஞ்சுலதான், ஆறுல இல்ல'ன்னு சொன்னேன். அவன் திரும்பல. மறுக்கா சொன்னேன். தண்ணி உழுவுற சத்தம். கேட்டும் கேக்காத மாதிரி இருக்கறான், அம்மிக்கல்லுகிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னன்னு எனக்கு ரோசம். மூணாந்தடவ சொல்லல."

"மாடு கேட்டுக்கிச்சா?" என்றாள் அருணா.

"அருணா."

"இல்ல, கேக்கறேன். மாடாச்சும் கேட்டுக்கிச்சா?"

முப்பத்தொன்பது நாளில் அவருக்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. கையில் காப்பிப்பழத்தின் சிவப்புக் கறை. "ஊரு சொல்றது சரிதான்," என்றார் பெட்டியிடம். "கைய வெக்கல. ஆனா நாந்தான்."

பானுமதி அப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். முறையும் அதுதான். எட்டு எண்ணில் எதிலும் அவள் பிழை இல்லை என்று முடிந்துவிட்டது. பிளாஸ்திரியைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போயிருந்தால் அந்தச் சாவு கிழக்குப் பாதியோடு போயிருக்கும். அவள் சுவரிலிருந்து திரும்பினாள். முந்தானையை இறக்கினாள். அருணாவின் வாய் திறந்தது.

"ஆற நாந்தானுங்க மாமா மேல தள்ளுனேன்."

கருப்பண்ணன் முதல் தடவையாக அவளைப் பார்த்தார்.

"அவரு எறக்கிட்டுப் போனத. மிக்சி நின்னுபோச்சுன்னு வந்து தள்ளிட்டுப் போயித் துவையல் அரைச்சேனுங்க. இத்தன நாளா நாந்தானுன்னு இருந்தேன்."

"அதுல ஒண்ணுமில்ல சாமி. அதுல மோட்டரே இல்ல."

"இப்பத்தானுங்களே தெரியுது. மோட்டரு ஆறுலயே இருந்திருந்தாலும் நாந் தள்ளித்தான் இருப்பேன். மேல எழுதியிருந்தாத் தள்ளியிருக்க மாட்டேன். எழுதியிருந்தா அவரும் அஞ்சத்தான் எறக்கியிருப்பாரு. நீங்களும் எழுதல, அவரும் எழுதல, நானும் எழுதல."

"எம்பட எண்ணு அது. எம்பாகந்தான்."

"வேண்டாமுங்க மாமா," என்றாள் பானுமதி. "பொதுவுல இருக்கட்டும்."

பிளாஸ்திரியில் கடைசித் துண்டைக் கிழித்தாள். கதவுமேல் வைத்து எழுதினாள். எழுத்து நேராகத்தான் வந்தது: மோட்டர், பொது. ஐந்தின் கீழே ஒட்டினாள். பனி ஈரத்தில் அது ஒட்டவில்லை; ஒரு முனை எழும்பி நின்றது. கருப்பண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, கட்டைவிரலால் அந்த முனையை அழுத்திப் பிடித்தார்.

முற்றத்தில் வழிந்த தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அருணா குடங்களை எடுத்து வரிசையாக வைத்தாள். திரும்பி வந்தபோதும் இருவரும் அதே இடத்தில்தான் நின்றார்கள்.

"ஒட்டிக்கிச்சுங்க. கைய எடுங்க," என்றாள்.

அவர் எடுக்கவில்லை.

கற்பூரம் கொண்டுவருகிறவர்கள் விளக்கும் கொண்டுவரட்டும்; ஈச்சங்குழிப்பட்டிக்கு இன்னும் கரண்டு வரவில்லை.